மனநோயாளி ஒருவர் மீது குற்ற வழக்கு வந்தால்: யாழ்ப்பாணத்து வீட்டுக்காரருக்கு

"டொக்டரிட்ட ஒரு கடிதம் வாங்கிக் குடுத்தால் விட்டிடுவினம்." மனநோய்க்கு மருந்து எடுக்கிற ஒருவரைப் பொலிஸ் பிடித்தவுடன் அயலட்டையில் ஒருவராவது இதைச் சொல்லியே தீருவார். அதே முற்றத்தில் நின்று இன்னொருவர் "இனி அங்கொடைதான்" என்பார், அங்கேயுள்ள மனநோய் ஆஸ்பத்திரியைச் சொல்கிறார். இரண்டும் பிழை. ஆனால் இரண்டிலும் கொஞ்சம் உண்மை ஒட்டிக்கொண்டிருப்பதால் குடும்பம் குழம்பிப்போய், முதல் இரண்டு மூன்று நாளிலேயே செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டுவிடுகிறது. நான் சட்டத்தரணியும் இல்லை, வைத்தியரும் இல்லை; நீதிமன்ற வாசலில் இப்படியான குடும்பங்களோடு குந்தியிருந்து பேசிப் பழகியவன், அவ்வளவுதான். சட்டத்தரணியிடம் போகும்போது கையில் என்ன கொண்டு போவது, அவரிடம் என்ன கேட்பது என்பதற்காக மட்டும் இதை வாசியுங்கள்.

விஷயத்தின் முடிச்சு ஒன்றுதான். ஆளுக்கு என்ன வருத்தம், எவ்வளவு காலமாக இருக்கிறது, எந்த மருந்துக்குக் கேட்கிறது என்பதை வைத்தியர் சொல்வார். சட்டத்துக்கு அதில் பாதி ஆர்வம்கூட இல்லை. கத்தியைத் தூக்கிய அந்த ஐந்து நிமிடத்தில் அவர் தலைக்குள் என்ன ஓடியது என்று அது கேட்கிறது. அந்த ஐந்து நிமிடத்தில் வைத்தியர் அங்கே இல்லை, நீதவானும் இல்லை. இருந்தது நீங்கள், அல்லது உங்கள் அம்மா, அல்லது மதிலுக்கு அந்தப் பக்கம் நின்ற அயலவர். இதை விளங்கிக்கொள்ளாமல் வைத்தியர் கடிதத்தை மட்டும் நம்பிப் போகிற குடும்பங்கள்தான் பிறகு "டொக்டர் சொல்லியும் கோர்ட் கேட்கேல்லை" என்று வந்து நிற்பது.

அந்தக் கேள்வி எழுதப்பட்டிருக்கும் இடம் தண்டனைச் சட்டக்கோவையின் 77ஆம் பிரிவு. ஒரு செயலைச் செய்யும் நேரத்தில், சித்தசுவாதீனம் இல்லாத காரணத்தால், தான் செய்வது என்ன மாதிரியான செயல் என்பதையோ, தான் செய்வது பிழையானது அல்லது சட்டத்துக்கு மாறானது என்பதையோ அறிய முடியாத நிலையில் ஒருவர் இருந்திருந்தால் அது குற்றமாகாது. சட்டத்தரணியோடு பேசும்போது "77" என்றாலே போதும், அவருக்கு விளங்கும். இதில் மூன்று சொற்களைப் பிடித்துக்கொள்ளுங்கள்: "செய்யும் நேரத்தில்", "காரணத்தால்", "அறிய முடியாத". நோய் இருந்தது என்று காட்டினால் வேலையில் கால்வாசிதான் முடிந்திருக்கிறது.

ஏன் இவ்வளவு இறுக்கமாக எழுதினார்கள்? இந்தக் கதை தெரிந்தால் நீதிமன்றம் உங்களை ஏன் சந்தேகக் கண்ணோடு பார்க்கிறது என்பதும் விளங்கும், ஆகவே கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

1800ஆம் ஆண்டு லண்டன் ட்ரூரி லேன் நாடக அரங்கில் ஜேம்ஸ் ஹட்ஃபீல்ட் என்ற பழைய போர்வீரன் மூன்றாம் ஜோர்ஜ் மன்னரை நோக்கித் துப்பாக்கியால் சுட்டான். குறி தவறியது. போரில் தலையில் வாள்வெட்டு வாங்கியவன் அவன். தான் அரசின் கையால் செத்தால்தான் கிறிஸ்து திரும்பி வருவார், உலகம் மீளும் என்று நம்பியிருந்தான். தற்கொலை பாவம், ஆகவே மன்னரைச் சுட்டால் தூக்கில் போடுவார்கள் என்பது அவன் கணக்கு. தான் செய்வது சட்டவிரோதம் என்பது அவனுக்கு நன்றாகவே தெரியும், தெரிந்தபடியால்தான் செய்தான்! அவனுக்காக வாதாடிய எர்ஸ்கின், முழுப் பைத்தியமாக இருந்தால்தான் விடுதலை என்ற பழைய எண்ணத்தை உடைத்து, மாயநம்பிக்கை ஒன்றே போதும் என்று ஜூரிகளை ஒத்துக்கொள்ள வைத்தார். விடுதலையான ஆளை வீட்டுக்கு அனுப்பவா முடியும்? பாராளுமன்றம் அவசர அவசரமாக ஒரு சட்டம் போட்டு, இப்படி விடுதலையாகிறவர்களைக் காவலில் வைக்க வழி செய்தது. ஹட்ஃபீல்ட் 1841இல் பெத்லெம் மனநோய் விடுதியில்தான் செத்தான். நாற்பது வருடத்துக்கு மேல்.

அடுத்தது 1843. டானியல் மக்நாட்டன், கிளாஸ்கோவில் மரம் கடையும் தொழில் செய்தவன். ஆளும் டோரிக் கட்சி தன்னைத் துரத்துகிறது, ஒற்றர் வைத்துப் பார்க்கிறது, கொல்லப் போகிறது என்று நம்பினான். பிரதமர் ரொபர்ட் பீலின் செயலாளர் எட்வர்ட் ட்ரமண்டை லண்டன் தெருவில் பின்னாலிருந்து சுட்டான். ஐந்து நாளில் ட்ரமண்ட் இறந்துபோனார். வழக்கில் வைத்தியர்கள் வரிசையாக வந்து சாட்சி சொன்னார்கள். அவர்களில் சிலர் ஆளைப் பரிசோதித்ததே இல்லை, நீதிமன்றத்தில் இருந்து பார்த்ததை வைத்தே கருத்துச் சொன்னவர்கள். ஜூரிகள் விடுதலை செய்துவிட்டார்கள். ஊர் கொதித்தது. விக்டோரியா மகாராணிக்கும் கோபம். மூன்று வருடத்துக்கு முன் அவரை நோக்கிச் சுட்ட எட்வர்ட் ஒக்ஸ்ஃபோர்டும் இதே மாதிரித்தான் தண்டனைக்குத் தப்பியிருந்தான். பிரபுக்கள் சபை நீதிபதிகளைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டது. அவர்கள் கொடுத்த பதில்தான் மக்நாட்டன் விதிகள்: செயலின் தன்மையை அறிந்தானா, பிழை என்று அறிந்தானா, அவ்வளவுதான் பார்க்க வேண்டும். அந்த விதியை வைத்துப் பார்த்திருந்தால் மக்நாட்டனே தப்பியிருக்க மாட்டான் என்று சட்டம் படித்தவர்கள் பலர் சொல்வார்கள்.

இந்திய தண்டனைச் சட்டம் 1860இல் அந்த விதியை எடுத்துக்கொண்டது. இலங்கை 1883இல் தன் தண்டனைச் சட்டக்கோவையை எழுதியபோது இந்தியாவைப் பார்த்து எழுதியது. ஆக 1843இல் லண்டனில் கிளம்பிய ஒரு கோபம் இன்றைக்கும் மல்லாகத்திலும் பருத்தித்துறையிலும் சட்டமாக நிற்கிறது. இடையில் உலகம் எவ்வளவோ மாறிவிட்டது. இங்கிலாந்து 1957இல் "குறைந்த பொறுப்பு" என்று ஒரு நடுவழி வைத்தது. மனநோய் பொறுப்பை முழுதாக அழிக்காவிட்டாலும் கொலையைக் கைமோசக் கொலையாக, அதாவது அதைவிடச் சிறிய குற்றமாக, குறைக்கலாம். எங்கள் சட்டக்கோவையில் அந்த நடுவழி இல்லை. அமெரிக்காவில் வோஷிங்டன் நீதிமன்றம் ஒன்று 1954இல் செயல் மனநோயால் விளைந்தது என்றாலே போதும் என்று கதவை அகலத் திறந்து பார்த்தது, பிறகு வைத்தியர்களே தீர்ப்பு எழுதுகிற மாதிரி ஆகிவிட்டது என்று 1972இல் மூடிவிட்டது. 1981இல் ஜனாதிபதி ரேகனைச் சுட்ட ஜோன் ஹிங்க்லி அடுத்த வருடம் மனநோய் காரணமாக விடுவிக்கப்பட, அங்கேயும் 1984இல் சட்டத்தை இறுக்கினார்கள்.

பார்த்தீர்களா, ஒவ்வொரு முறையும் பிரபலமான ஓர் ஆள் விடுதலையாவதும், சனம் கோபப்படுவதும், சட்டம் இறுகுவதும்தான் கதை. வைத்தியத்தில் புதிதாக ஏதாவது கண்டுபிடித்ததால் சட்டம் மாறியது குறைவு. வைத்தியர்கள் பக்கமும் குற்றமில்லாமல் இல்லை. 1820களில் பாரிஸில் ஜோர்ஜே போன்றவர்கள், பார்க்க நல்லவனாகத் தெரியும் ஆளுக்குள்ளும் கொலைவெறி மட்டும் தனி நோயாக இருக்கலாம், அது எங்கள் கண்ணுக்குத்தான் தெரியும் என்று வாதாடினார்கள். 1825இல் அயல்வீட்டுக் குழந்தையைக் கொன்ற ஒன்ரியெத் கோர்னியே என்ற வேலைக்காரப் பெண்ணின் வழக்கில் அந்த வாதம் பெரிதாக எழுந்தது. அவளுக்கு அது உதவவில்லை, ஆயுளுக்கும் கடூழியம் கிடைத்தது. ஆனால் நீதிபதிகளுக்கு அன்றைக்குப் பிடித்த சந்தேகம் இன்னும் விடவில்லை: "இந்த வைத்தியர் சொல்வது நோயா, இல்லை குற்றத்துக்கே நோய் என்று பெயர் வைக்கிறாரா?" உங்கள் சட்டத்தரணி எழும்பி "எனது கட்சிக்காரர் மனநோயாளி" என்று தொடங்கும்போது நீதிபதியின் மனதில் ஓடுவது அநேகமாக இதுதான். பரிதாபத்தைத் தட்டி எழுப்பி இந்தச் சந்தேகத்தைப் போக்க முடியாது. திகதியும் சாட்சியும் வேண்டும்.

சரி, இனி வேலைக்கு வருவோம்.

பிடித்த அன்றைக்கு

கைது செய்தவரை 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுபோக வேண்டும் என்பது குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை. எந்தப் பொலிஸ் நிலையம் என்பதைப் பொறுத்து யாழ்ப்பாணம், மல்லாகம், சாவகச்சேரி, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை என்று நீதவான் நீதிமன்றம் மாறும், அதை முதலில் கேட்டு வையுங்கள். பொலிஸ் நிலையத்துக்குப் போகும்போது மூன்று சாமான்: கிளினிக் கொப்பி, இப்போது குடிக்கிற குளிசைகள் அவற்றின் உறையோடு, ஆளின் அடையாள அட்டைப் பிரதி. பொறுப்பதிகாரியிடம் "இவர் மனநல கிளினிக்கில் மருந்து எடுக்கிறவர், இரவைக்கு இந்த மருந்து குடிக்க வேணும்" என்று நிதானமாகச் சொல்லுங்கள். அவர் அதைப் புத்தகத்தில் பதிந்தால் நல்லது, பதியாவிட்டாலும் யாரிடம் எத்தனை மணிக்குச் சொன்னீர்கள் என்பதை வீட்டுக்கு வந்து நீங்களே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

அங்கே நின்று "அவனுக்கு விசர் சேர், விட்டிடுங்கோ" என்று கெஞ்சுவது எனக்குப் பிடிக்காத காட்சி. அது அவமானம் என்பது ஒரு பக்கம் இருக்க, பயனும் இல்லை. பாரதூரமான குற்றங்களில் பொலிஸுக்கு விடுகிற அதிகாரம் கிடையாது, நீதிமன்றத்துக்குத்தான்.

இன்னொன்று: மருந்து விட்டுப்போன நிலையில் இருப்பவர் என்ன கேட்டாலும் ஓம் என்பார், செய்யாததையும் செய்தேன் என்பார், சிலவேளை மகாத்மா காந்தியைச் சுட்டதும் தான்தான் என்பார். சாதாரண வழக்கில் பொலிஸாருக்குக் கொடுத்த குற்ற ஒப்புதலைச் சாட்சியாக எடுக்க முடியாது, 1895ஆம் ஆண்டுச் சாட்சியக் கட்டளைச் சட்டம் அதை மறித்திருக்கிறது. ஆனால் 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரிக்குக் கொடுத்த ஒப்புதலுக்கு இடம் கொடுத்து எழுதப்பட்டது, அதனால் எந்தச் சட்டத்தின் கீழ் பிடித்திருக்கிறார்கள் என்பதைக் கட்டாயம் கேட்டறியுங்கள். பதில் சரியில்லை என்றால், அல்லது ஆளை அடித்திருக்கிறார்கள் என்று தெரிந்தால், மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்துக்கு அன்றைக்கே போங்கள். காசு இல்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

நீதவான் முன் கொண்டுவந்ததும் சட்டத்தரணி கேட்க வேண்டியது பிணை மட்டுமல்ல. ஆளை மனநல வைத்தியரிடம் காட்டி அறிக்கை எடுக்கும்படி கட்டளை கேட்க வேண்டும், விளக்கமறியலில் மருந்து தொடர வேண்டும் என்பதையும் பதிவில் ஏற்ற வேண்டும். யாழ். போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு உண்டு. சம்பவத்துக்கும் முதல் பரிசோதனைக்கும் இடையில் எத்தனை நாள் போகிறதோ அவ்வளவுக்கு அந்த அறிக்கையின் பெறுமதி குறையும். இரண்டு மாதம் கழித்துப் பார்க்கிற வைத்தியர், மறியலில் ஒழுங்காக மருந்து குடித்துத் தெளிந்திருக்கும் ஆளைத்தான் பார்ப்பார், "இப்போது அறிகுறி இல்லை" என்றுதான் எழுதுவார். அவர் எழுதுவது உண்மைதான், ஆனால் உங்களுக்கு அது காலை வாரிவிடும்.

இரண்டு கேள்வி, இரண்டு நேரம்

குடும்பங்கள் மட்டுமல்ல, சில இளம் சட்டத்தரணிகளும் குழப்பிக்கொள்கிற இடம் இது. "அப்போது அவர் எப்படி இருந்தார்" என்பது 77ஆம் பிரிவின் கேள்வி. "இப்போது வழக்கை விளங்கிக்கொண்டு தன்னைக் காத்துக்கொள்ள முடியுமா" என்பது நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் கேள்வி. இரண்டாவதற்கு இல்லை என்று வைத்திய சாட்சியத்தின் மேல் நீதிமன்றம் முடிவெடுத்தால், வழக்கு நிறுத்தி வைக்கப்படும், முடிந்துபோகாது. ஆள் தெளிந்ததும் திரும்பத் தொடங்கும். இடைக்காலத்தில் அவரைக் கவனமாகப் பார்த்துக்கொள்வோம், தனக்கோ பிறருக்கோ கேடு செய்யாமல் காப்போம், கூப்பிட்ட நேரம் கொண்டுவருவோம் என்று குடும்பம் பிணை நின்று வெளியே எடுக்க வழி இருக்கிறது, அதைச் சட்டத்தரணியிடம் குறிப்பாகக் கேளுங்கள்.

அப்போது நல்ல தெளிவு, இப்போது குழப்பம் என்றும் இருக்கலாம். அப்போது முழுக் குழப்பம், இப்போது வெள்ளையும் சொள்ளையுமாக உடுத்துக்கொண்டு "வணக்கம் ஐயா" என்று கூண்டில் நிற்கலாம். பின்னதுதான் கஷ்டம், ஏனென்றால் நீதிபதி கண்ணால் பார்ப்பது இப்போதைய ஆளை.

கொப்பியும் வாயும்

சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 105ஆம் பிரிவில், சித்தசுவாதீனம் இல்லை என்று சொல்கிறவரே அதை நிரூபிக்க வேண்டும் என்று இருக்கிறது. சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டிய பாரம் அரச தரப்புக்கு. எதிரி தரப்புக்கு, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவர் பக்கத்துக்கு, "சாத்தியம் கூட" என்ற அளவு போதும். குறைந்த அளவுதான், ஆனால் வெறும் வாயால் நிரம்பாது. அதே சட்டத்தின் 45ஆம் பிரிவு நிபுணர் கருத்தை அனுமதிக்கிறது, அங்கே உதாரணமாகக் காட்டப்பட்டிருப்பதில் ஒன்றே மனநிலை பற்றிய கேள்விதான். ஆனாலும் நிபுணர் கருத்து கருத்துத்தான், ஏற்பதும் விடுவதும் நீதிபதி கையில்.

என்ன சேர்ப்பது? ஓர் உதாரணம் வைத்துப் பார்ப்போம், கற்பனை ஆள்தான். இருபத்தேழு வயதுப் பெடியன், மாதத்துக்கு ஒரு தடவை ஊசி போடுகிறவன். பின்வளவுக்காரரை மண்வெட்டியால் அடித்துவிட்டான். அவனுடைய கிளினிக் கொப்பியைத் திறந்தால் ஒவ்வொரு வருகைக்கும் திகதி, ஆங்கிலத்தில் இரண்டு வரி, மருந்தின் பெயர், ஓரத்தில் "அடுத்த திகதி" என்று முத்திரையோ எழுத்தோ இருக்கும். தை, மாசி, பங்குனி வரைக்கும் இருக்கிறது. சித்திரைக்கு அடுத்த திகதி போட்டிருக்கிறது, ஆனால் சித்திரையில் எழுத்து இல்லை. வைகாசியிலும் இல்லை. வைகாசி கடைசியில் சம்பவம். அந்த வெறும் இடம் இரண்டு பக்கக் கடிதத்தைவிடப் பெரிய சாட்சி. கொப்பியை மடித்து லாச்சிக்குள் போடாமல், முதல் பக்கம் தொடக்கம் கடைசிப் பக்கம் வரை போட்டோப் பிரதி எடுங்கள், வெறும் பக்கத்தையும் சேர்த்து. வார்டில் நின்றிருந்தால், துண்டு வெட்டும்போது தந்த டயக்னோசிஸ் கார்ட்டுகளையும் சேருங்கள். அவை தொலைந்திருந்தால் வார்டில் எழுதிய நோயாளி பதிவேடான பெட் ஹெட் டிக்கெட் வைத்தியசாலைப் பதிவறையில் இருக்கும், நீதிமன்றம் அழைத்தால் வரும். எந்த வருடம், எந்த வார்ட் என்று நீங்கள் சொல்ல வேண்டும்.

இனி வாய்ச்சாட்சி. சட்டத்தரணியின் அறையில் அந்தப் பெடியனின் தாய் அநேகமாக இப்படித் தொடங்குவார்: "அவன் நல்ல பிள்ளை சேர், ஒரு எறும்புக்கும் தீங்கு செய்யான்." இதை யாரும் எழுதி எடுக்க மாட்டார்கள். சட்டத்தரணி கெட்டிக்காரராக இருந்தால் "அம்மா, அந்தக் கிழமை என்ன சாப்பிட்டவன்?" என்று கேட்பார். அப்போதுதான் வரும்: "சாப்பிடேல்லை சேர். கிணத்துக்குள்ள நஞ்சு போட்டிருக்கு எண்டு சொல்லிப் போத்தில் தண்ணிதான் குடிச்சவன். பின்வளவுக்காரர்தான் போட்டது எண்டவன். ரண்டு இரவு நித்திரையில்லை, கிணத்தடியில டோர்ச் அடிச்சுக்கொண்டு நிண்டவன். நான் கள்ளுக்குப் போன தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினனான்." இதுதான் சாட்சி. மண்வெட்டி ஏன் பின்வளவுக்காரர் மேல் விழுந்தது என்பது இதற்குள் இருக்கிறது, அதைக் கண்ட இன்னொரு ஆளும் இருக்கிறார். வைத்தியருக்கும் இதைச் சொல்லுங்கள். அவர் அறிக்கை எழுதும்போது ஆளின் வாயை மட்டும் நம்பி எழுத முடியாது, வீட்டார் சொன்னதையும் வைத்துத்தான் எழுதுவார்.

அடித்த பிறகு என்ன செய்தான் என்பதும் முக்கியம், அது உங்களுக்குச் சாதகமாக இல்லாவிட்டாலும். மண்வெட்டியைக் கழுவி ஒளித்தானா, வாசலில் அப்படியே குந்தியிருந்தானா, பொலிஸைப் பார்த்து "நன்றி" சொன்னானா? ஓடி ஒளித்தால், பிழை என்று தெரிந்திருக்கிறது என்று அரச தரப்புச் சொல்லும். ஒளித்ததை மறைக்காதீர்கள், சட்டத்தரணிக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். பயத்தில் ஓடுவதற்கும் குற்றம் தெரிந்து ஓடுவதற்கும் வித்தியாசம் உண்டு, அதைப் பேச அவருக்கு நேரம் வேண்டும். ஆளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து "குரல் கேட்குது எண்டு சொல்லு" என்று அனுப்புவது எல்லாவற்றிலும் மோசம். நாள் முழுக்க இந்த நோய்களோடு வேலை செய்கிற வைத்தியருக்கு நடிப்பு ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும், அதன் பிறகு உண்மையான வருத்தமும் பொய்யாகத்தான் தெரியும்.

"அவன் செய்யவே இல்லை" என்பதும் "செய்தான், ஆனால் அறியாத நிலையில்" என்பதும் ஒன்றாகப் போகாத வாதங்கள். எது என்று தொடக்கத்திலேயே சட்டத்தரணியோடு இருந்து முடிவெடுங்கள்.

கஞ்சா, ஐஸ், கசிப்பு கதையில் வந்தால் நிலைமை வேறு. தானாக எடுத்த போதைக்கு 77 உதவாது. தெரியாமலோ பலவந்தமாகவோ கொடுக்கப்பட்டிருந்தால் 78 பேசும், தானாக எடுத்திருந்தால் 79. பொதுவாக வெறியில்லாத ஒருவருக்கு இருக்கும் அறிவு அவருக்கும் இருந்ததாகவே சட்டம் எடுக்கும். போதையும் நோயும் சேர்ந்திருக்கும் வழக்குகள் இப்போது நிறைய, அங்கே போதைக்கு முன்பே நோய் இருந்தது என்று காட்டும் பழைய கொப்பிதான் பிடி.

பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு வரும் மனக்குழப்பத்தில் தாய் ஒருத்தி குழந்தைக்கு உயிராபத்து செய்துவிட்டால், அதற்குச் சட்டக்கோவையில் தனி விதிவிலக்கு இருக்கிறது: குழந்தைக்கு ஒரு வயது ஆகுமுன், பிரசவத்தின் பாதிப்பிலிருந்து முழுதாக மீளாத நிலையில் மனம் தடுமாறிச் செய்ததானால் அது கொலை என்ற தரத்திலிருந்து இறங்கும். 77ஐ நிரூபிப்பதைவிட இது எட்டக்கூடியது. இப்படி ஒரு வழக்கு என்றால் ஊர் அந்தப் பெண்ணைத் தூற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில், குடும்ப நல உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து போன பதிவுகளைத் தேடி எடுங்கள்.

வென்றால் என்ன நடக்கும்

இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. 77இல் விடுதலை என்றால் கேட்டுக்கு வெளியே வந்து முச்சக்கரவண்டி பிடிப்பது என்று அர்த்தமில்லை. நீதிமன்றம் பாதுகாப்பான காவலில் வைக்கும்படி கட்டளையிடும், அது அநேகமாக அங்கொடைப் பக்கம் தேசிய மனநல நிறுவனத்தின் நீதிமன்றக் கட்டளையாளர் பிரிவுதான். எவ்வளவு காலம் என்று திகதி போட்டு இருக்காது. ஹட்ஃபீல்டுக்கு நடந்தது ஞாபகமிருக்கட்டும். மக்நாட்டனும் பெத்லெமிலும் பிறகு பிரோட்மூர் மனநோய் விடுதியிலுமாக இருபத்திரண்டு வருடம் இருந்து 1865இல் செத்தான். இன்றைய வைத்தியம் அப்படியில்லை. 1950களில் வந்த மருந்துகளுக்குப் பிறகு ஆட்கள் தெளிகிறார்கள், திரும்பி வருகிறார்கள். ஆனாலும் முடிவுத் திகதி இல்லாத காவல் என்பது மாறவில்லை.

அதனால் என் அபிப்பிராயம்: கொலை, கொலை முயற்சி மாதிரியான வழக்கு என்றால் 77ஐ முழு மூச்சாக எடுங்கள். யன்னல் கண்ணாடி உடைத்தது, ஏசியது, சைக்கிள் எடுத்தது என்றால், குற்றத்தை ஏற்று, வைத்திய அறிக்கையைத் தண்டனைக் குறைப்புக்குக் கொடுத்து, மருந்து எடுக்கும் நிபந்தனையோடு ஒத்திவைத்த தண்டனையோ நன்னடத்தைப் பிணையோ கேட்பது பல தடவை ஆளுக்கு நல்லது. ஆறு மாதத் தண்டனைக்குப் பயந்து ஆறு வருடக் காவலுக்குள் போக வேண்டியதில்லை. சட்டத்தரணி வேறு சொன்னால் அவர் சொல்வதற்கே இடம் கொடுங்கள், ஆனால் "காவல் எவ்வளவு காலம்?" என்று கேட்காமல் விடாதீர்கள்.

இரண்டு சில்லறை விஷயம், ஆனால் அடிக்கடி கேட்கப்படுகிறவை. தற்கொலைக்கு முயன்றவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் பொலிஸ் கேஸ் ஆகும் என்று பயந்து வீட்டில் வைத்து உப்புத்தண்ணீர் பருக்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தற்கொலை முயற்சி குற்றம் என்ற சட்டத்தை இலங்கை 1998இலேயே நீக்கிவிட்டது. தூண்டியவருக்குத்தான் குற்றம். ஆகவே உடனே கொண்டுபோங்கள்.

மற்றது, காணிப் பிரச்சினையில் எதிர்த்தரப்பை "அவர் மனநோயாளி" என்று எழுதிக்கொடுக்கிற பழக்கம். சோவியத் யூனியன் அரசுக்குப் பிடிக்காதவர்களுக்கு "மந்தமான மனச்சிதைவு" என்று நோய்ப்பெயர் கொடுத்து வருடக்கணக்கில் அடைத்து வைத்தது, அதனால் வந்த கண்டனத்தில் 1983இல் உலக மனநல வைத்தியர் சங்கத்தை விட்டு அதன் சங்கமே விலகிப்போக வேண்டிவந்தது. எங்களுடையது அதன் வீட்டுப் பதிப்பு. ஒருவரைச் சித்தசுவாதீனம் இல்லாதவர் என்று தீர்மானிப்பது 1873ஆம் ஆண்டில் பிறந்து 1956இல் திருத்தப்பட்ட மனநோய்க் கட்டளைச் சட்டத்தின் கீழ் மாவட்ட நீதிமன்றம் வைத்திய சாட்சியத்தோடு விசாரித்துச் செய்கிற வேலை, மாமனாரும் கிராம அலுவலரும் சேர்ந்து ஒரு கடிதத்தில் செய்கிற வேலை இல்லை.

பிணையிலோ கட்டளையிலோ ஆள் வீட்டுக்கு வந்தபின்: நீதிமன்றக் கட்டளையின் உறுதிப்படுத்திய பிரதி ஒன்று எடுத்து, அதன் போட்டோப் பிரதியைக் கிளினிக் கொப்பிக்குள் வையுங்கள், அடுத்த வைத்தியர் மாறி வந்தாலும் விஷயம் தெரியும். ஊசித் திகதியும் வழக்குத் திகதியும் ஒரே நாளில் விழுந்தால், முன்கூட்டியே கிளினிக்கில் சொல்லி ஊசியை முந்தின நாளுக்கு மாற்றிக் கேளுங்கள், அநேகமாக மாற்றித் தருவார்கள். காயப்பட்டவர் வீட்டுப் பக்கம் கொஞ்சக் காலம் போக விடாதீர்கள், மன்னிப்புக் கேட்பதற்காகக்கூட. சாட்சியை மிரட்டியதாகப் போய் முடியும், பிணையும் போய்விடும். பேச வேண்டும் என்றால் சட்டத்தரணி மூலமாகப் பேசுங்கள்.